கேட்டதால் என்ன மாறியது?

யானைக்கால் நோய்க்கான ரத்தப் பரிசோதனையை வழக்கமாக இரவில்தான் செய்வார்கள். நோயைத் தரும் புழுவின் நுண்குஞ்சுகள் பகல் முழுக்க நுரையீரலின் ரத்தக்குழாய்களில் தங்கியிருக்கும். கொசு கடிக்கும் நேரத்துக்குத்தான் தோலுக்கடியில் ஓடும் ரத்தத்துக்கு வரும். ஆகவே கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்து ஊர்களுக்குள் பரிசோதனைக் குழு நுழையும்போது எட்டரை, ஒன்பது மணி ஆகியிருக்கும். நடவு வேலை முடிந்து வந்த பெண்கள் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பார்கள். அவர்களை எழுப்பி, காரணம் சொல்லி, விரல் நுனியில் ஊசி குத்தி, கண்ணாடித் துண்டில் ரத்தத்தைத் தடவி எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும்.

இந்த வேலை நன்றாக நடக்க மருத்துவம் தெரிந்தால் மட்டும் போதாது. நடவு வாரத்தில் போகலாமா, தீமிதி முடிந்து போகலாமா, யார் உடன் வந்தால் கதவு திறக்கும், எந்தத் தெருவில் ஆரம்பித்தால் மற்றத் தெருவில் மனத்தாங்கல் வராது என்பதெல்லாம் தெரிய வேண்டும். இவை ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த விஷயங்கள். ஆய்வுத் திட்டத்தை முடிவு செய்வதற்கு முன்பே ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசி, அவர்கள் சொல்வதைக் கொண்டு திட்டத்தை மாற்றிக்கொள்வதற்கு 'ஆய்வில் மக்கள் ஈடுபாடு' என்று பெயர். மருத்துவ ஆய்வுக்குப் பணம் தரும் பெரிய நிறுவனங்கள் பல இன்று இதை வலியுறுத்துகின்றன.

வலியுறுத்துவதால் கூட்டங்கள் நடக்கின்றன. கூட்டத்தில் சொன்னது ஆய்வுக்குள் போனதா, போனதால் ஆய்வு மேம்பட்டதா, மேம்பட்ட ஆய்வால் யாருக்காவது நன்மை கிடைத்ததா என்று சரிபார்ப்பதுதான் குறைவாக இருக்கிறது. சரிபார்க்க வழிகள் உண்டு. அவற்றைப் புரிந்துகொள்ள மருத்துவப் படிப்பு வேண்டாம். நம் மாவட்டத்துக்கு இது குறிப்பாகத் தேவை என்று நினைக்கிறேன். 2020 டிசம்பர் 28-ல் மாநிலத்தின் 38-வது மாவட்டமாகப் பிரிந்த மயிலாடுதுறையில் அரசு மருத்துவக் கல்லூரி கிடையாது. இங்கே ஆய்வுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தஞ்சாவூர், திருவாரூர், சிதம்பரம், புதுச்சேரி, சென்னை என்று வெளியிலிருந்து வந்து போகிறவர்கள். வந்தவர்கள் நம்மிடம் கேட்டார்களா, கேட்டதை என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டிய பொறுப்பு நமக்கு இருக்கிறது.

ரத்தம் கொடுப்பது வேறு, யோசனை சொல்வது வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஆய்வில் சேர்வதும் ஆய்வில் ஈடுபடுவதும் ஒன்றல்ல.

1956-ல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சிதான். 1959-ல் அந்த மையம் வெளியிட்ட ஆய்வு உலகக் காசநோய்ச் சிகிச்சையையே திருப்பிப் போட்டது. இருநூறுக்கும் குறைவான ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்தில் வைத்தும், மற்றவர்களுக்கு வீட்டில் இருக்கவிட்டும் ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தன. வீட்டில் இருந்து சிகிச்சை பெற்றவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து வரவில்லை. குடும்பத்தைவிட்டு மாதக்கணக்கில் பிரிந்து படுத்துக் கிடக்க வேண்டிய காலம் அதோடு முடிவுக்கு வரத் தொடங்கியது.

அந்த நோயாளிகளுக்கு உலகமே கடன்பட்டிருக்கிறது. ஆனாலும் இன்றைய பொருளில் அது மக்கள் ஈடுபாடு ஆகாது. எதை ஆராய்வது, எதை அளப்பது, படிவத்தில் என்ன எழுதுவது என்று நோயாளியிடம் கேட்கும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. நோயாளி சளியும் ரத்தமும் கொடுத்தார். மற்றவற்றை மருத்துவர் முடிவு செய்தார். கேள்வியைத் தேர்ந்தெடுப்பது, படிவம் தயாரிப்பது, தகவல் திரட்டுவது, வந்த முடிவுக்குப் பொருள் சொல்வது, அதை ஊருக்குத் திரும்பக் கொண்டுவருவது என்ற வழியில் ஏதாவது ஓரிடத்திலாவது மக்களின் சொல்லுக்கு எடை இருந்தால்தான் அது ஈடுபாடு.

அப்படி எடை இருந்தால் எவ்வளவு மாறும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தைப் பார்க்கலாம். மருத்துவத் தம்பதியரான அபய் பங், ராணி பங் இருவரும் 1980-களின் நடுவில் 'சர்ச்' என்ற அமைப்பைத் தொடங்கி அங்கே குடியேறினார்கள். தொடக்கத்தில் பழங்குடி மக்களிடையே அரிவாள் அணுச் சோகையை ஆராய்ந்தார்கள். அறிவியல்ரீதியாக முக்கியமான வேலைதான். ஆனால் அந்த மக்களுக்கு அது அன்றைய கவலையாக இல்லை என்பதை அபய் பங்கே பிற்பாடு வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அதன்பிறகு மக்களிடம் கேட்டு ஆய்வுகளைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் அங்கே வந்தது. பெண்கள் வாய்விட்டுச் சொல்லாத வெள்ளைப்படுதல், இடுப்பு வலி போன்ற உபாதைகளை ராணி பங் எடுத்துக்கொண்டார். இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்ததில் 92 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு மகளிர் நோய் இருந்தது. 1989-ல் லான்செட் இதழில் வந்த இந்த முடிவு, கிராமத்துப் பெண்ணின் உடல்நலம் என்றால் பிரசவமும் குடும்பக் கட்டுப்பாடும் மட்டுமே என்றிருந்த பார்வையை மாற்றியது. மருத்துவமனையைக் கூட அந்த மக்கள் கேட்டபடி, உறவினர் கூடத் தங்கக் குடிசைகளோடு, அவர்களுடைய தெய்வமான தந்தேசுவரியின் பெயரில் கட்டினார்கள்.

கேட்டதால் இங்கே மாறியது ஆய்வின் கேள்வியே. மக்கள் ஈடுபாட்டின் விளைவுகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். தவறான கேள்விக்கு எவ்வளவு துல்லியமாகப் பதில் கண்டாலும் ஊருக்கு அதனால் பயனில்லை.

எதை அளப்பது என்பதும் மாறலாம். முடக்குவாதத்துக்கான மருந்துகளைச் சோதிக்கும்போது மருத்துவர்கள் மூட்டு வீக்கத்தையும் வலியையும்தான் பல ஆண்டுகள் அளந்துவந்தார்கள். எதையெல்லாம் அளக்க வேண்டும் என்று முடிவு செய்யும் 'ஓமெராக்ட்' என்ற சர்வதேச மாநாட்டில் 2002-ல் முதன்முறையாக நோயாளிகளும் உட்கார்ந்தார்கள். அவர்கள் முன்வைத்தது அசதி. வலியைக்கூடப் பொறுத்துக்கொள்கிறோம், எழுந்து ஒரு வேலை பார்க்க முடியாத இந்த அசதிதான் எங்களை முடக்குகிறது என்றார்கள். சில ஆண்டுகளில் அசதியும் அளக்கவேண்டியவற்றின் பட்டியலில் சேர்ந்தது. யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள், அதனால் எது மாறியது என்று இங்கே தெளிவாகக் காட்ட முடிகிறது.

வாங்கியவரும் விழுங்கியவரும்

எல்லா இடத்திலும் இவ்வளவு தெளிவாகக் காட்ட முடியாது. நம் பக்கத்து உதாரணம் ஒன்று இருக்கிறது.

யானைக்கால் நோயை ஒழிப்பதற்காகத் தமிழ்நாட்டில் 1996 முதல் ஆண்டுக்கு ஒருமுறை ஊர் முழுவதற்கும் டி.இ.சி. மாத்திரை கொடுக்கும் முறை படிப்படியாக வந்தது. நோய் இருப்பவர், இல்லாதவர் எல்லோரும் விழுங்கினால்தான் கொசு வழியாகப் பரவும் சங்கிலி அறும். மாத்திரையை வீட்டுக்கு வீடு கொடுத்துவிடலாம். விழுங்க வைப்பதுதான் பாடு. 'எனக்குத்தான் கால் வீங்கலையே, நான் ஏன் சாப்பிடணும்' என்பார் ஒருவர். 'போட்டா மயக்கம் வருதாம், நாளைக்கு வேலைக்குப் போகணும்' என்பார் இன்னொருவர். மாத்திரை சாமி படத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். புதுச்சேரியில் 1975 முதல் இயங்கும் வெக்டர் கன்ட்ரோல் ரிசர்ச் சென்டரின் ஆய்வாளர்கள் அதனால்தான் இரண்டையும் தனித்தனியே எண்ணினார்கள்: எத்தனை பேர் கையில் வாங்கினார்கள், எத்தனை பேர் விழுங்கினார்கள்.

மாத்திரை கொடுக்கும் பொறுப்பை ஊர்க்காரர்களிடமே ஒப்படைத்தால் விழுங்குகிறவர்கள் கூடுவார்களா என்ற கேள்வியை உலக சுகாதார நிறுவனத்தோடு இணைந்த ஆய்வுத் திட்டம் ஒன்று பல நாடுகளில் எடுத்துக்கொண்டது. கானாவிலும் கென்யாவிலும் ஊர்க்காரர்களே பொறுப்பேற்ற இடங்களில் மருந்து போய்ச் சேர்ந்த அளவு வெகுவாகக் கூடியது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் அதே ஒப்பீட்டைச் செய்து 2001-ல் வெளியிட்டபோது முடிவு வேறாக இருந்தது. இரண்டு முறைக்கும் பெரிய வித்தியாசமில்லை. சுகாதாரத் துறை கொடுத்த இடங்களே சற்று முன்னால் நின்றன.

மக்களை ஈடுபடுத்துவது வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கிராம சுகாதார செவிலியர் வீட்டு வாசலுக்கு வந்து பழகிய மாநிலம் இது. நர்சம்மா கொடுத்தால் நம்பிச் சாப்பிடுகிறவர்கள், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தால் யோசிப்பது இயல்பு. சுகாதார ஊழியர் எட்டிப் பார்க்காத ஊரில் ஊர்க்காரர் கை நிரப்பும் பள்ளம் பெரியது. இங்கே அந்தப் பள்ளம் முன்பே ஓரளவு நிரம்பியிருந்தது. இந்த விளக்கம் என்னுடையது. ஆனால் இப்படி யோசிக்கவே முடிந்தது, யாரோ ஒருவர் ஒப்பிட்டுப் பார்த்து, எதிர்பார்த்தபடி வராத முடிவையும் மறைக்காமல் வெளியிட்டதால்தான்.

கூட்டத்துக்கு வந்தவர் எண்ணிக்கையை விளைவாகக் காட்டும் அறிக்கைகளைப் படிக்கும்போது எனக்கு இந்த மாத்திரைக் கணக்குதான் நினைவுக்கு வருகிறது. 'நான்கு கலந்துரையாடல்கள், 120 பேர் பங்கேற்பு' என்பது கையில் வாங்கிய மாத்திரை. அவர்கள் சொன்னதில் எது உள்ளே போயிற்று என்பதற்கு அந்த வரியில் பதில் இல்லை.

ஒரே முறை, இரண்டு முடிவு

அளவும் முக்கியம் என்பதை 2010-ல் வந்த இரண்டு ஆய்வுகள் காட்டின. ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களில் 'ஏக்ஜுட்' என்ற அமைப்பு 2005 முதல் 2008 வரை பெண்கள் குழுக்களை நடத்தியது. பிரசாந்த திரிபாதியும் நிர்மலா நாயரும் அதன் முன்னணியில் இருந்தவர்கள். கிராமங்களைத் தொகுதிகளாகப் பிரித்து, பாதித் தொகுதிகளில் மட்டும் குழுக்கள் நடந்தன; எந்தத் தொகுதி எந்தப் பக்கம் என்பதைக் குலுக்கல் முறை முடிவு செய்தது. யாரும் வந்து பாடம் எடுக்கவில்லை. பெண்கள் மாதம் ஒருமுறை கூடி, தங்கள் ஊரில் பச்சைக் குழந்தைகள் ஏன் இறக்கின்றன என்று கதையாகவும் படங்களோடும் பேசி, எதை முதலில் சரிசெய்வது என்று தாங்களே முடிவெடுத்துச் செய்தார்கள். மூன்றாண்டு முடிவில், பிறந்து 28 நாட்களுக்குள் நேரும் இறப்பு, குழு நடந்த இடங்களில் 32 சதவீதம் குறைவாக இருந்தது. கடைசி இரண்டு ஆண்டுகளை மட்டும் எடுத்தால் 45 சதவீதம்.

அதே லான்செட் இதழில், அடுத்த கட்டுரையாக, வங்கதேசத்தில் ஏறக்குறைய அதே முறையில் நடந்த ஆய்வு வந்தது. அங்கே குறிப்பிடத்தக்க பலன் இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒரு வேறுபாடு கண்ணில் பட்டது. ஜார்க்கண்ட், ஒடிசாவில் ஏறக்குறைய 468 பேருக்கு ஒரு குழு. வங்கதேசத்தில் 1,414 பேருக்கு ஒன்று. 2013-ல் நான்கு நாடுகளின் ஏழு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் இதை உறுதிசெய்தார்கள். கர்ப்பிணிகளில் குறைந்தது 30 சதவீதம் பேர் குழுவுக்கு வந்த இடங்களில் பச்சைக் குழந்தை இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அதற்கும் குறைவாக வந்த இடங்களில் அந்தப் பலன் தெரியவில்லை.

இந்தக் குழுக்கள் ஆய்வை வடிவமைக்கவில்லை. தங்கள் ஊரின் பிரச்சினையைத் தீர்த்தன. அந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது. ஆனாலும் மதிப்பிடும் முறைக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. 'மக்களை ஈடுபடுத்தினோம்' என்ற ஒரே வாக்கியத்துக்குள் எத்தனை பேர், எவ்வளவு நாள், எவ்வளவு ஆழம் என்ற மூன்று விவரங்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பதிவு செய்யாவிட்டால் பலன் வந்தாலும் காரணம் தெரியாது, வராவிட்டாலும் காரணம் தெரியாது.

மயிலாடுதுறைக்கு ஓர் ஆய்வு வந்தால்

இனி ஒரு கற்பனை. தமிழ்நாட்டில் வயல்வேலை செய்பவர்களின் சிறுநீரகம் பற்றிச் சில ஆண்டுகளாகவே கவலை எழுந்திருக்கிறது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட விவசாயத் தொழிலாளர்களைப் பரிசோதித்து 2025-ல் வெளியான ஆய்வில், சிறுநீரகப் பாதிப்பு நிலைத்திருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சுகர், பிரஷர் போன்ற வழக்கமான காரணம் எதுவும் இல்லை. வெயிலில் உழைப்பது காரணமாக இருக்கலாம் என்ற ஐயம் வலுவாக இருக்கிறது. இலங்கையின் வடமத்திய மாகாணத்து நெல் விவசாயிகளை இதே மாதிரி நோய் பல ஆண்டுகளாக வாட்டுகிறது. குத்தாலம் ஒன்றியத்தில் சில ஊர்களைத் தேர்ந்தெடுத்து இதை மேலும் ஆராய ஒரு குழு வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

அவர்கள் ஊரைக் கேட்க நினைப்பது நல்லது. எங்கே கூட்டம் போடுவார்கள் என்பதிலேயே பாதி முடிவாகிவிடும். டெல்டாவில் வயலில் இறங்கி வேலை செய்பவர்களில் பெரும்பகுதி நிலமில்லாத தலித் மக்கள். ஊராட்சி அலுவலகத்தில் காலை பதினொரு மணிக்குக் கூட்டம் என்றால் வருகிறவர்கள் நிலம் வைத்திருப்பவர்களும் வேலைக்குப் போகாத பெரியவர்களும்தான். வெயிலில் நிற்பவர்கள் அந்நேரம் வயலில் இருப்பார்கள். காலனித் தெருவிலேயே, சாயங்காலம் ஏழு மணிக்கு, அரை நாள் கூலிக்கு ஈடான தொகையும் கொடுத்துக் கூட்டம் போட்டால் வேறு மாதிரிப் பேச்சு வரும். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்த வருடமானால் அடுத்த சில வாரங்கள் குறுவை நடவில் யாருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் தெருவுக்குள்ளேயே போக முடியாது. அதனால் யார் வந்தார்கள் என்று எழுதும்போதே, யார் வர முடியவில்லை என்பதையும் ஏன் என்பதையும் எழுத வேண்டும்.

மதிப்பீட்டின் அடிப்படைக் கருவி ஒரு நோட்டுப் புத்தகம். அதில் ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு பதிவு: சொன்னது என்ன, அதனால் எதை மாற்றினோம், மாற்றாவிட்டால் ஏன், மாற்றியபின் நடந்தது என்ன.

ஒரு பெண் இப்படிச் சொல்லலாம்: 'நடவுக்குப் போற அன்னிக்கு விடிகாலையிலேர்ந்தே தண்ணி குடிக்கிறதைக் கொறைச்சுக்குவோம். ஒதுங்க இடம் கெடையாது. வரப்புல ஆம்பளைங்க நிப்பாங்க.' குழு கொண்டுவந்த படிவத்தில் 'ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் குடிப்பீர்கள்?' என்று ஒரே ஒரு கேள்வி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேலை நாளையும் ஓய்வு நாளையும் அது பிரிக்கவில்லை, குடிக்காததற்குக் காரணம் கேட்கவில்லை. அந்தப் பெண் சொன்ன பிறகு கேள்வி மூன்றாகப் பிரிகிறது: வேலை நாளில் எத்தனை முறை குடித்தீர்கள், வேண்டுமென்றே குறைத்துக்கொண்டீர்களா, மறைவான இடம் எவ்வளவு தூரம். இது வெறும் ஊகத்தில் பிறந்த கேள்வியும் இல்லை. வெயிலும் கழிப்பறை இல்லாமையும் சேர்ந்து உழைக்கும் பெண்களை எப்படிப் பாதிக்கிறது என்பதைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபாலும் சக ஆய்வாளர்களும் ஏற்கெனவே எழுதியிருக்கிறார்கள்.

நோட்டில் இதன் எதிரே எழுத வேண்டியது: கேள்வி மாறியது, தேதி இன்னது. ஆறு மாதம் கழித்து இன்னொரு வரி: புதிய கேள்விக்கு எத்தனை பேர் பதில் சொன்னார்கள், தண்ணீரைக் குறைத்தவர்களுக்கும் குறைக்காதவர்களுக்கும் ரத்தத்தில் கிரியேட்டினின் அளவில் வேறுபாடு தெரிந்ததா. தெரிந்தால், அந்தப் பெண்ணின் ஒரு வாக்கியம் ஆய்வின் முடிவுக்குள்ளேயே போய்விட்டது என்று கையை வைத்துக் காட்டலாம். தெரியாவிட்டால் அதையும் எழுத வேண்டும்.

இன்னொருவர், 'எல்லாருக்கும் ஸ்கேன் எடுங்க சார்' என்று கேட்கலாம். பணம் இல்லை, முடியாது. முடியாது என்ற பதிலும் காரணமும் நோட்டில் ஏற வேண்டும், கேட்டவரிடமும் போய்ச் சொல்ல வேண்டும். ஏற்காத யோசனைகளின் பக்கம் காலியாக இருக்கும் நோட்டை நம்ப எனக்குத் தயக்கம். உண்மையாகக் கேட்டிருந்தால், ஏற்க முடியாத சில கோரிக்கைகளாவது வந்தே தீரும்.

சில மாற்றங்களை இன்னும் கறாராகச் சோதிக்கலாம். ஒப்புதல் படிவத்தை ஊர்ப் பெண்கள் தங்கள் பேச்சில் திருத்திக் கொடுத்தார்கள் என்றால், சில ஊர்களில் அதையும் சில ஊர்களில் பழைய படிவத்தையும் குலுக்கல் முறையில் பயன்படுத்தி, கையெழுத்துப் போட்டவர்களிடம் நான்கு கேள்வி கேட்கலாம். எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள், நடுவில் விலகினால் என்ன ஆகும் என்பது எந்தப் படிவத்தைப் படித்தவர்களுக்குக் கூடுதலாகப் புரிந்திருக்கிறது என்று எண்ணிவிடலாம். பெரிய ஆய்வுக்குள் நடத்தும் இந்தச் சிறிய ஆய்வுக்குச் செலவும் அதிகமில்லை.

யார் மதிப்பெண் போடுவது

2018-ல் பி.எம்.ஜே. இதழில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. சிகிச்சைகளைச் சோதிக்கும் ஆய்வுகளில் நோயாளிகளையோ பொதுமக்களையோ ஈடுபடுத்தினால், ஆய்வில் சேர முன்வருகிறவர்கள் கூடுவார்களா என்று பார்த்தார்கள். கூடினார்கள், ஆனால் சிறிதளவுதான். அந்த நோயைத் தாமே அனுபவித்தவர்கள் ஈடுபட்டிருந்த ஆய்வுகளில் பலன் கூடுதலாகத் தெரிந்தது. சேர்ந்தவர்கள் கடைசிவரை நீடிப்பதில் பலன் உண்டா என்று உறுதியாகச் சொல்லப் போதிய ஆய்வுகளே கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை என்றால், பெரும்பாலான ஆய்வுக் கட்டுரைகள் மக்கள் ஈடுபாட்டைப் பற்றி எழுதுவதே இல்லை, எழுதினாலும் ஒரு வரியோடு நிறுத்திவிடுகின்றன. இதைச் சரிசெய்யத்தான் 'கிரிப் 2' என்ற பட்டியல் 2017-ல் வெளியானது. ஈடுபாட்டையே மையமாகக் கொண்ட ஆய்வுகளுக்கு 34 அம்சங்கள், மற்றவற்றுக்கு ஐந்தே ஐந்து: நோக்கம், செய்த முறை, கிடைத்த விளைவு, அது ஆய்வை எப்படிப் பாதித்தது, எது சரியாக வந்தது எது வரவில்லை. மக்களோடு சேர்ந்தே தயாரித்த பட்டியல் அது.

இதில் ஒரு சிக்கல் தீராமல் இருக்கிறது. பதிவு செய்கிறவரும் மதிப்பிடுகிறவரும் பெரும்பாலும் ஆய்வாளரே. கூட்டம் நடத்தியவரே கூட்டம் வெற்றி என்று எழுதுவார். அவர் பொய் சொல்வதாக அர்த்தமில்லை. தன் உழைப்பை நல்லவிதமாகப் பார்ப்பது மனித இயல்பு. ஊர்க்காரர்களிடம் நேரில் கேட்டாலும், வந்த விருந்தினர் மனம் நோகக் கூடாது என்று 'ரொம்ப நல்லா இருந்துச்சு சார்' என்றுதான் சொல்வார்கள். ஆகவே மதிப்பிட வேறொரு நபர் வர வேண்டும். அவர் ஊர்க்காரர்களைத் தனித்தனியே பார்த்து, நீங்கள் சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை, மறுபடி கூப்பிட்டால் போவீர்களா, ஏன் என்று கேட்க வேண்டும். நோட்டுப் புத்தகத்தை அவர்களுக்கும் படித்துக் காட்ட வேண்டும். ஆய்வாளர் 'ஏற்றுக்கொண்டோம்' என்று எழுதிய இடத்தில் ஊர்க்காரர் 'நாங்க சொன்னது இது இல்லையே' என்று சொன்னால், மதிப்பீட்டில் அதைவிட மதிப்புள்ள வரி வேறில்லை.

தீமையையும் எழுத வேண்டும். கூட்டத்துக்கு வந்ததால் போன கூலி, தன் நோயைப் பலர் முன் சொன்னதால் தெருவில் வந்த பேச்சு, சொன்னது எதுவும் நடக்காததால் அடுத்த குழுவின் மேலும் வந்த வெறுப்பு. இவையும் விளைவுகள்தான். காசநோயோ எச்.ஐ.வி.யோ உள்ளவர்கள் கூட்டத்தில் முகம் காட்டுவதற்குக் கொடுக்கும் விலையை ஆய்வாளர்கள் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

உரிமையா, பயனா

மக்களைக் கேட்பது உரிமை, அதற்குப் பயன் கணக்குப் பார்ப்பதே தப்பு என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். வாக்களிப்பதால் என்ன லாபம் என்று கணக்குப் பார்த்தா வாக்குரிமை கொடுத்தோம் என்று அவர்கள் கேட்கிறார்கள். அந்த வாதத்தின் நியாயத்தை நான் ஏற்கிறேன். கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே வேதனையான சாட்சி இருக்கிறது. 2009-ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைப் போட்டு ஓர் ஆய்வு நடந்தது. கம்மத்தில் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள் பலருக்குப் பெற்றோரைக் கேட்காமல் விடுதிக் காப்பாளரே ஒப்புதல் கையெழுத்துப் போட்டிருந்தார். 2010 ஏப்ரலில் ஆய்வு நிறுத்தப்பட்டது. 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசி நல்லதா என்பது தனிக் கேள்வி. பெற்றோரின் நம்பிக்கை உடைந்ததில் அந்த நல்ல தடுப்பூசியின் பெயரும் சேர்ந்து கெட்டது.

ஆகவே ஆய்வை முடிவு செய்யும் அறையில் மக்களுக்கு இடம் உண்டா என்பதை நிரூபிக்கத் தேவையில்லை. எந்த முறையில் கேட்டால் அவர்கள் சொல் உள்ளே போகிறது என்பதைத்தான் சோதிக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்வதால், உரிமை பேசுகிறவர்கள் கணக்கைத் தவிர்க்கிறார்கள். கணக்குப் பார்க்கிறவர்கள், பலன் நிரூபணமாகவில்லை என்று சொல்லி மக்களையே விட்டுவிடுகிறார்கள்.

கையெழுத்துப் போடும் முன்

சட்டப்படியே நமக்குச் சில இடங்கள் இருக்கின்றன. 2019-ன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளின்படி, சோதனைக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். மருத்துவத் துறை சாராத சாதாரணக் குடிமகன் ஒருவர், ஒரு பெண், சட்டம் தெரிந்த ஒருவர் அதில் கட்டாயம். ஆய்வுக்கு முன்னும், நடக்கும்போதும், முடிந்தபின்னும் அந்தப் பகுதி மக்களோடு கலந்து பேச வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் சொல்கின்றன. கிராம சபையிலும், மாவட்டங்களில் நடத்தப்படும் சுகாதாரப் பேரவையிலும் இந்தப் பேச்சை எடுக்கலாம். மருந்துச் சோதனை என்றால், 2007-ல் தொடங்கிய இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் அது இருக்கிறதா என்று செல்போனிலேயே யாரும் பார்த்துக்கொள்ளலாம்.

குழு வீட்டு வாசலுக்கு வந்தால், இந்தக் கேள்வியை ஏன் எடுத்தீர்கள், இங்கே யாரிடம் கேட்டீர்கள் என்று கேளுங்கள். கேட்டதனால் படிவத்திலோ நேரத்திலோ எது மாறியது என்று ஓர் உதாரணம் சொல்லச் சொல்லுங்கள். நெறிமுறைக் குழுவைத் தொடர்புகொள்ளும் விவரம் தகவல் தாளில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒப்புதல் படிவத்தின் ஒரு நகல் உங்களுக்குச் சேர வேண்டியது, வாங்கி ரேஷன் கார்டோடு வையுங்கள். ஆய்வு முடிந்ததும் முடிவைச் சொல்ல எந்த மாதம் ஊருக்குத் திரும்ப வருவார்கள் என்று கேட்டு, அந்த மாதத்தை அதே நகலின் பின்பக்கம் அவர்கள் கையாலேயே குறிக்கச் சொல்லுங்கள்.